“நல்லா இருக்கா?” என்று கேட்டால்

தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரங்கள் இருக்கும்போது பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், துன் சம்பந்தன் சாலையில் நடந்து பாருங்கள். நடைபாதையை ஒட்டிக் கூடாரக் கடைகள் நிற்கும். முறுக்கும் பலகாரமும் வளையலும் அகல்விளக்கும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒலிபெருக்கிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுப் பாடும். இந்த இரைச்சலைத் தாண்டி ஒரு சேலைக்கடைக்குள் நுழைந்தால் அநேகமாக ஒரே காட்சியைத்தான் காண்போம். பெண்மணி ஒருவர் தோளில் பட்டுச்சேலையைப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நிற்பார். கணவர் வாசலுக்கு அருகே நெகிழி நாற்காலியில், மடியில் நான்கு பைகளோடு உட்கார்ந்திருப்பார்.

“என்னங்க, நல்லா இருக்கா?”

கைப்பேசியிலிருந்து பாதித் தலையை நிமிர்த்தி, “ம்… நல்லா இருக்கும்மா” என்பார் அவர்.

அவர் உண்மையாகவே பார்த்தாரா? பார்த்ததைத்தான் சொன்னாரா? பல வேளைகளில் இரண்டுக்கும் ‘இல்லை’ என்பதே விடையாக இருக்கும். “போகட்டும், ஒரு சேலைதானே? இதற்குப்போய் ஒரு கட்டுரையா?” என்று சிலர் கேட்கலாம். உடன் வருபவர் கடையில் தம் மனத்தில் பட்டதைச் சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து. சொல்லாமல் விடுவது அன்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது பெரும்பாலும் சோம்பலாகவோ அச்சமாகவோதான் இருக்கிறது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அந்தச் சம்பளம் வாங்கும் ஒருவர் 850 ரிங்கிட்டுக்கு ஒரு பட்டுச்சேலை எடுத்தால், மாத வருமானத்தில் சரிபாதி போய்விடும். மாதத்திற்கு 26 நாள் வேலை என்று கொண்டால், அது 13 நாள் உழைப்பு. அந்தச் சேலை ஒரே ஒருமுறை கட்டப்பட்டு அலமாரியின் அடித்தட்டுக்குப் போனால், 13 நாள் உழைப்பும் அங்கேயே மடிந்து கிடக்கும். “நல்லா இருக்கு” என்ற சொல்லைச் சொல்ல ஒரு விநாடிகூட ஆகாது. ஆனால், அதன் விலை அவ்வளவு சிறியதன்று.

அடுத்து, கடைக்குள் யார் யார் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். விற்பனைப் பெண், “அக்கா, உங்களுக்காகவே நெஞ்ச மாதிரி இருக்கு!” என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. விற்பது அவர் தொழில். ஒரு நாளில் எத்தனையோ சேலைகளை விரித்து, மடித்து, மறுபடியும் அடுக்கும் உழைப்பாளி அவர். கடை முதலாளி விலையில் பத்து ரிங்கிட்டைக் குறைத்துத் தலையசைப்பார். பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத வாடிக்கையாளர்கூட, “நல்ல கலர்” என்று சொல்லிவிட்டுப் போவார். விளக்கும் தன் பங்குக்குப் பேசுகிறது. ஒளி துணியின்மேல் பட்டுத் திரும்பி நம் கண்ணை அடைவதால்தான் நிறம் தெரிகிறது. ஒளி மாறினால் நிறமும் மாறித் தெரியும். கடையின் பளீர் விளக்கின்கீழ் மின்னும் மயில்கழுத்து நிறம் பகல் வெளிச்சத்தில் வெறும் பச்சையாகத் தோன்றலாம். அனுபவம் உள்ள அம்மாக்கள் சேலையைக் கையோடு வாசலுக்குக் கொண்டுவந்து, ஐந்தடிப் பாதையின் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பது இதனால்தான்.

ஆக, கடையில் உள்ள எல்லாமே ‘வாங்கு’ என்கின்றன. அங்கே இலாபநட்டக் கணக்கு இல்லாமல் நிற்பவர் ஒருவர்தான். அவர் உடன் வந்தவர். அவரும் மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டினால், கேட்டவர் வேறு யாரிடம் போய்க் கேட்பார்?

இவ்விடத்தில் ஓர் ஆய்வைக் குறிப்பிட விரும்புகிறேன். சாலமன் ஆஷ் என்னும் உளவியலாளர் 1950களில் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு அது. ஓர் அட்டையில் ஒரு கோடு இருக்கும். இன்னோர் அட்டையில் வெவ்வேறு நீளமுள்ள மூன்று கோடுகள் இருக்கும். முதல் கோட்டுக்குச் சமமான கோடு எது என்று ஒரு குழுவினரிடம் கேட்கப்படும். சிறுபிள்ளையும் சொல்லக்கூடிய விடைதான். ஆனால், குழுவில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆய்வாளரின் ஆட்கள். அவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். உண்மையில் சோதிக்கப்பட்டவர் கடைசிக்குச் சற்றுமுன் விடை சொல்ல வேண்டும். அவ்வாறு சோதிக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர், ஒருமுறையாவது தம் கண்ணை நம்பாமல் கூட்டத்தின் விடையையே சொன்னார்கள். இன்னொரு முறையில் ஆய்வாளர் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்தார். குழுவில் வேறு ஒருவரைச் சரியான விடையைச் சொல்ல வைத்தார். உடனே கூட்டத்தோடு போகும் தவறுகள் ஏறக்குறைய கால்பங்காகக் குறைந்துவிட்டன.

ஒரே ஒரு குரல் செய்த வேலை அது. அந்தக் குரல் யாருக்கும் கட்டளையிடவில்லை, வாதாடவும் இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. பக்கத்தில் இருந்தவருக்குத் தம் கண்ணையே நம்பும் துணிவு வந்தது. சேலைக்கடையில் கணவனோ மனைவியோ செய்யக்கூடிய உதவியும் இதுவே. “எனக்கென்னமோ அந்த நீலம்தான் பிடிச்சிருந்தது” என்று ஒருவர் சொல்லும்போது, “எனக்கும் அதுதான் மனசுல இருந்தது. இவங்க எல்லாரும் சொன்னதால இதை எடுத்தேன்” என்று மற்றவர் சொல்வதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம்.

பிரிக்பீல்ட்ஸைப் பற்றிப் பேசும்போது பலரும் அதன் பெயருக்குக் காரணமான செங்கற்சூளைகளையும், இரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த குடியிருப்புகளையும், 2010ஆம் ஆண்டு அக்டோபரில் திறந்துவைக்கப்பட்ட ‘லிட்டில் இந்தியா’வையும் சொல்வார்கள். இந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இயங்குகிறது. வெள்ளைக் கைத்தடியுடன் நடப்பவர்களை இவ்வூர்ச் சாலைகளில் அன்றாடம் காணலாம். நடைபாதைகளில் காலால் உணர்ந்து நடப்பதற்கான மேடுபள்ளமுள்ள கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. உண்மையான கருத்து என்றால் என்ன என்பதை விளக்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

பார்வையற்ற ஒருவர் துணையுடன் துணிக்கடைக்கு வருகிறார் என்று எண்ணிப் பாருங்கள். துணியின் தரத்தை அவர் விரலே சொல்லிவிடும். பட்டா, பாலியெஸ்டரா, நெசவு நெருக்கமா, தளர்வா, சரிகை சொரசொரப்பாக இருக்கிறதா என்பதையெல்லாம் கண்ணுள்ளவர்களைவிட அவர் நுட்பமாக அறியக்கூடும். விரலுக்கு எட்டாதவை நிறமும் கறையும் அச்சிட்ட பூவேலையும்தான். அவற்றைத்தான் அவர் துணையிடம் கேட்கிறார். அப்போது, “நல்லா இருக்கு” என்ற விடையால் அவருக்கு என்ன பயன்? ஒன்றுமே இல்லை. “அரக்குச் சிவப்பு. கரை இரண்டு விரல் அகலம், பச்சை. முந்தானையில் மயில் இருக்கு, கொஞ்சம் பெரிசு. மடிப்புப் பக்கத்துல மங்கலா ஒரு கோடு தெரியுது” என்று சொன்னால், அவர் தாமே முடிவு செய்வார். மயில் பெரிதாக இருப்பது அவருக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். அது அவர் விருப்பம். இங்கே துணையாக வந்தவர் கறையை மறைத்தாலோ பச்சையை நீலம் என்றாலோ, அதை நாம் ‘சின்னப் பொய்’ என்று சொல்ல மாட்டோம், மோசடி என்போம்.

அப்படியானால், கண் தெரிந்தவரிடம் மட்டும் அது ஏன் சின்னப் பொய் ஆகிறது? கண்ணாடிமுன் நிற்பவருக்கும் தம் முதுகுப்புறம் தெரியாது. தாம் நடந்துபோகும்போது சேலை எப்படி விழுகிறது என்பது தெரியாது. பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்பதும் தெரியாது. ஆகவேதான், அவர் நம் கண்களைச் சற்று நேரம் இரவல் கேட்கிறார். மதிப்பெண் போடச் சொல்லி அவர் கேட்பதில்லை. “கரை நல்லா இருக்கு. ஆனா, பின்னாடி திரும்பினா அந்தப் பெரிய பூ ஒரு பக்கமாத் தொங்குற மாதிரி தெரியுது” என்பது கருத்து. “நல்லா இல்ல” என்பது வெறும் தீர்ப்பு. முதலாவதைக் கேட்டவர் சேலையை மாற்றிப் போட்டுப் பார்ப்பார். இரண்டாவதைக் கேட்டவர் முகம் வாடிப்போவார். உண்மை பேசினால் சண்டை வரும் என்று அஞ்சுகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தீர்ப்பைத்தான் உண்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மை என்ற பெயரில் நம் வீடுகளில் சொல்லப்படும் வேறு சில சொற்களும் உள்ளன. “உன் நிறத்துக்கு இந்த மஞ்சள் எடுக்காது.” “இந்த உடம்புக்கு இது தேவையா?” “கறுப்பா இருக்கிறவங்க பளிச்சுன்னு போடக் கூடாது.” இவற்றைச் சொல்பவர்கள், “நான் உள்ளதைத்தான் சொல்றேன்” என்று முடிப்பார்கள். எனக்கு இதில் சிறிதும் உடன்பாடு இல்லை. சேலையைப் பற்றிக் கேட்டவருக்கு அவர் தோலைப் பற்றிய விடை வருகிறது. கேட்ட கேள்விக்கும் வந்த விடைக்கும் தொடர்பே இல்லை. கருமையான தோலுக்குச் சில நிறங்கள் ஆகாது என்பது கண்ணால் கண்ட உண்மையன்று. யாரோ சொல்ல, நாம் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன ஒரு முன்முடிவு. பளிச்சென்ற மஞ்சளும் செம்பருத்திச் சிவப்பும் கருமையான தோலில் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்பதை அறிய ஒரு நாள் கோயில் திருவிழாவுக்குப் போய் வந்தாலே போதும். துணி ஒருவர் உடலுக்குப் பொருந்தவில்லை என்றால் குறை துணியின் அளவில்தான். அதை அப்படியே சொல்லலாம்: “இந்த ரவிக்கை தோள்ல இறுக்கமா இருக்கு. ஒரு அளவு பெரிசு கேட்போமா?”

மாணவர்களாகிய நீங்கள் இதை நன்கு அறிவீர்கள். தோழியோடு பஞ்சாபி உடை எடுக்கப் போகும்போதும், தம்பிக்கு ஜிப்பா பார்க்கும்போதும் நாவில் முதலில் வருவது பெரும்பாலும் உடலைப் பற்றிய கேலிதான். நீங்கள் சிரித்துவிட்டு மறந்துவிடுவீர்கள். கேட்டவர் அந்த நிறத்தை ஆண்டுக்கணக்கில் தொடாமலேயே இருப்பார்.

“பிறர் மனம் நோகாமல் இருக்கப் பொய் சொன்னால் என்ன? வள்ளுவரே அனுமதி தந்திருக்கிறாரே!” என்று வாதிடுவோர் உண்டு. திருக்குறளின் ‘வாய்மை’ அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அவர் கூறியிருப்பது மெய்தான். ஆனால், அவர் விதித்த நிபந்தனையை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். கடையில் சொல்லும் “நல்லா இருக்கு”வினால் யாருக்கு நன்மை? நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகும் நன்மை. பணமும் ஏமாற்றமும் மற்றவருக்கு. இது அந்தக் குறளுக்குள் அடங்காது. நட்பைப் பற்றிப் பேசும்போது, அது கூடிச் சிரிப்பதற்கு மட்டும் உரியதன்று, எல்லை மீறும்போது முற்பட்டு இடித்துரைப்பதற்கும் உரியது என்றும் அவரே கூறியுள்ளார். கணவன் மனைவிக்கிடையே நட்பு இருக்குமானால், அதற்கும் இது பொருந்தும்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். பணம் கட்டுவதற்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். நம் நாட்டின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வாங்கிய பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இல்லையென்றால் நிவாரணம் கேட்கும் உரிமையைத் தருகிறது. சேலை கிழிந்திருந்தாலோ, பட்டு என்று விற்கப்பட்டது பட்டாக இல்லாவிட்டாலோ, பற்றுச்சீட்டோடு போய்க் கேட்கலாம். ‘வீட்டுக்கு வந்து பார்த்தேன், பிடிக்கவில்லை’ என்பதற்கு அந்தச் சட்டம் துணை வராது. அது கடைக்காரரின் நல்ல மனத்தைப் பொறுத்தது. ஆகையால், மகிழுந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, “அந்தப் பச்சையையே எடுத்திருக்கலாம்” என்று சொல்பவர் உண்மை பேசியவர் ஆகமாட்டார். அந்த உண்மையால் செய்யக்கூடியது எதுவும் அப்போது மிச்சமில்லை.

எங்கே சொல்வது என்பதில் பிரிக்பீல்ட்ஸுக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. பெரிய பேரங்காடிகளில் நாம் தமிழில் இரகசியம் பேசிக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்கும் விற்பனையாளருக்குப் பெரும்பாலும் புரியாது. துன் சம்பந்தன் சாலையிலோ, கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலோ அந்த வசதி இல்லை. நாம் முணுமுணுக்கும் ஒவ்வொரு சொல்லும் கடைக்காரர் காதில் விழும். “இதைவிட அந்தக் கடையில மலிவு” என்று உரக்கச் சொன்னால் அவருக்கும் மனம் நோகும். “ஒரு நிமிஷம், வெளிச்சத்துல பார்த்துட்டு வர்றோம்” என்று சொல்லி வாசலுக்கு வருவதே நாகரிகம். நிறத்தையும் பார்த்துக்கொள்ளலாம், மனத்தில் உள்ளதையும் பேசிக்கொள்ளலாம்.

இதுவரை மனைவி கேட்பதும் கணவர் விடை சொல்வதுமாகவே எழுதிவிட்டேன். மறுபக்கமும் இருக்கிறது. “உங்களுக்கு எந்த ஜிப்பா வேணும்?” என்று மனைவி கேட்டால், “ஏதாவது எடு, உன் இஷ்டம்” என்று சொல்லும் ஆண்கள் அதிகம். கேட்பதற்கு விட்டுக்கொடுப்பது போலத்தான் இருக்கும். உண்மையில், தேர்ந்தெடுக்கும் உழைப்பு முழுவதையும் அவர்மேல் சுமத்திவிட்டு, தீபாவளியன்று காலையில், “என்ன, இந்தக் கலரை எடுத்திருக்க?” என்று கேட்கும் உரிமையை மட்டும் இவர் வைத்துக்கொள்கிறார். அதே ஆண் தம் காருக்குப் புதிய ரிம் மாற்றப் போகும்போது மனைவியும், “உங்க இஷ்டம்” என்று ஒதுங்கிக்கொள்கிறார். ஆயிரம் ரிங்கிட் போகும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மதித்ததாக நினைத்துக்கொள்வார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டும் வேளையில் அந்த ஆயிரம் மீண்டும் பேச்சில் வரும்.

கருத்துச் சொன்னவர் தம் கருத்தே நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை. எல்லாவற்றையும் கேட்ட பிறகும், “இல்லங்க, எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு” என்று அவர் சொல்லலாம். ஐந்தரை மீட்டர் துணியைச் சுற்றிக்கொண்டு நாள் முழுவதும் நடமாடப் போகிறவர் அவர்தான். அவர் சிறுமியாக இருந்தபோது பாட்டி கட்டியிருந்த சேலையின் நிறம் அதுவாக இருக்கலாம். தோழியின் திருமணத்தில் பார்த்து ஆசைப்பட்டதாக இருக்கலாம். அவையெல்லாம் வாசல் வெளிச்சத்தில் நமக்குத் தெரிவதில்லை. “சரிம்மா, எடுத்துக்கோ” என்று முகம் கோணாமல் சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டு, நெகிழி நாற்காலியில் வைத்த நான்கு பைகளோடு ஐந்தாவதையும் தூக்கிக்கொண்டால், அடுத்த கடையில் அவர் மறுபடியும் திரும்பிப் பார்த்து, “என்னங்க, இது எப்படி?” என்று கேட்பார்.